உள்ளே போன டிராயர்

புதுப்பட்டினம் குப்பம்,
16-6-1976, புதன்கிழமை.

செங்கல்பட்டு இரும்பு பீரோ கம்பெனியில் ஃபிட்டராக இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், மரியாதைக்குரிய தாமோதரன் மாமா அவர்களுக்குக் கொழுந்தியா தனகோடி கைகூப்பி எழுதிக்கொண்ட கடிதம். இங்கு நைனா சுகம், அம்மா சுகம், நானும் சுகம். டிராயர் ஓடுவதற்கு நீங்கள் கொடுத்துவிட்டுப் போன சேனல் தகடுகள் மட்டும் சுகமாக இல்லை. அங்கு உங்கள் சுகத்துக்கும், வச்சலா அக்கா சுகத்துக்கும், பாப்பாவுக்குப் பல் முளைத்ததா என்பதற்கும் பதில் எழுதவும். இங்கே காற்று அதிகம், மீன்பாடு சுமார்.

மாமா, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன், பேசுவதையும் அக்கா காதில் சொல்லி அக்கா வாயால்தான் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் உங்களுக்கு நேராகக் கடிதம் எழுதுகிறேன் என்றால் விஷயம் அவ்வளவு பெரிது. எப்படியாவது இந்த ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் ஸ்க்ரூ டிரைவர், குறடு, இன்னும் என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரவும். திங்கட்கிழமை பத்து மணிக்குள் எங்கள் சமையற்கட்டு டிராயர் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு வேலை போய்விடும். இன்னும் கிடைக்காத வேலைதான், ஆனாலும் போய்விடும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எதில் தப்பு நடந்தது என்று எனக்குத் தெரியாததால் எதையும் விடாமல் சொல்கிறேன். அம்மா டவுன்ஷிப் கோட்டர்ஸில் மீன் கொடுக்கும் வீட்டில் அந்தம்மா ஒரு டிராயரை இழுத்ததைப் பார்த்துவிட்டு வந்தாள் அல்லவா, அன்றிலிருந்துதான் எங்கள் வீட்டில் அமைதி இல்லை. "ஒத்த வெரலாலடி! ஒத்த வெரலால இழுத்தாங்க, சத்தமே இல்லாம வந்துச்சு. உள்ள கரண்டிங்கல்லாம் கொழந்தைங்க மாதிரி வரிசையா படுத்துகினு கீது" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். கட்டுமரம் கட்டுகிற நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடல்ல போறதயே கட்டுறவன் நானு, கரண்டி தூங்குற பெட்டி கட்ட மாட்டனா?" என்றார். கட்டுமான சைட்டில் ஏலம் போட்ட, மெஷின் வந்த பெட்டிப் பலகைகளை வாங்கிவந்தார். அவற்றின் மேல் ஒரு குடையும் ஒரு கண்ணாடிக் கிளாசும் படம் போட்டிருந்தன. குடைப் பலகை பின்னால் போய்விட்டது, கிளாஸ் படம் சரியாக டிராயர் முகப்பில் வந்து நின்றது, அதுவும் தலைகீழாக. பக்கத்து வீட்டுச் செங்கம்மாள் அத்தை வந்து பார்த்துவிட்டு, "இன்னா ஆதி, அவனவன் மறைச்சி மறைச்சி குடிக்கிறான், நீ படம் போட்டு பெட்டி வெச்சிகினு கீற!" என்று அம்மாவிடம் கேட்டதில், அவள் இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை.

சித்திரையில் நீங்கள் வந்தபோது சேனல் ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு நைனாவுக்கு விளக்கினீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு ஜோடிக்கு நாலு தகடு, இரண்டு பெட்டிச் சுவரில் நிற்கும், இரண்டு டிராயரோடு சின்னச் சக்கரத்தில் ஓடும், இடது வேறு வலது வேறு, அதற்குத்தான் சாக்பீஸில் 'இ', 'வ' என்று எழுதியிருக்கிறேன், இரண்டு பக்கமும் அரை இஞ்ச் விடணும், முன்னும் பின்னும் ஒரே அகலம் இருக்கணும், அவ்வளவுதான் என்றீர்கள். அந்த அவ்வளவுதானில் இவ்வளவு இருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

முதலில் அந்தச் சாக்பீஸ் எழுத்து போய்விட்டது மாமா. நீங்கள் பஸ் ஏறின உடனே அம்மா தகடுகளைத் தொட்டுப் பார்த்தாள், கையெல்லாம் கறுப்புப் பிசுக்கு. "சோறு ஆக்குற எடத்துல இந்த அழுக்க வெப்பாங்களா?" என்று சாம்பலும் புளியும் போட்டு நாலு தகட்டையும் தேய்த்துத் தேய்த்து வெண்கலப் பானை மாதிரி பளபளவென்று ஆக்கி வெயிலில் காயவைத்தாள். அந்தப் பிசுக்கை நீங்கள் வேண்டுமென்றேதான் தடவியிருந்தீர்களா மாமா? எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது, ஆனால் கேட்கவில்லை. இரண்டே நாளில் உப்புக்காற்று பட்டு நாலும் மஞ்சள் பூத்துப்போயின. எழுத்து போய், எது இடது எது வலது என்ற சண்டை வந்தது. அம்மா பெட்டிக்கு முன்னால் நின்று, "இது என் சோத்தாங்கை, அதனால இதான் வலது" என்றாள். நைனா, "ஒன் கை எதுக்கு? பெட்டி ஒன்ன பாத்துகினு கீது. கரைல நின்னு பாக்கிறவனுக்கு எது வலதோ அத வெச்சியா மரத்துக்கு வலது சொல்றோம்? பெட்டியோட சோத்தாங்கை எதுன்னு பாரு" என்றார். "பெட்டி எந்தக் கைல சோறு துன்னுது?" என்று அம்மா கேட்டாள். அப்புறம் இருவரும் என்னைக் கேட்டார்கள், எட்டாவது படித்தவள் ஆயிற்றே என்று. நான் பெட்டியைப் பார்த்து நின்றால் ஒரு மாதிரியும், பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றால் வேறு மாதிரியும் வந்தது. குறுக்கே படுத்துப் பார்த்தேன், அதில் இரண்டும் மேலும் கீழுமாகிவிட்டது. அதனால் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நைனா எல்லாவற்றையும் அடித்து முடித்திருந்தார். ஆமாம் மாமா, அடித்துத்தான். நீங்கள் கொடுத்த திருகாணிகளைத் திருகவில்லை. "தலைமேல கோடு கீறி வெச்சிக்கிறாம் பாரு, ஆணி நடு எதுன்னு தெரியறதுக்கு" என்று சுத்தியலால் ஒரே அடியாக இறக்கிவிட்டார். இப்போது அந்தத் தலைகளில் கோடும் இல்லை.

பெட்டியின் சட்டத்தை நைனா ஆணியே இல்லாமல் கயிற்றால் கட்டினார். கட்டினதுதான் அலைக்கு வளைந்து கொடுக்கும் என்கிறார். சமையற்கட்டில் என்ன அலை என்று எனக்குப் புரியவில்லை. கட்டி முடித்ததும் நாலு பேரைக் கூப்பிட்டு மேலே கடப்பைக்கல்லைத் தூக்கி வைத்துச் சிமெண்டும் பூசிவிட்டார்கள். ஆகவே கயிற்றை அவிழ்க்கலாமே என்று நீங்கள் கடிதம் எழுத வேண்டாம். அவிழ்த்தால் கல்லும் அடுப்பும் எங்கள் மேல்.

இதையெல்லாம் விடப் பெரியது டிராயர்தான். நைனா அதை முன்பக்கம் ஒடுக்கமாகவும் பின்பக்கம் அகலமாகவும் செய்துவிட்டார். அம்மாவே பார்த்துக் கேட்டாள், "இன்னாய்யா இது, மூஞ்சி சின்னதா கீது, முதுகு பெர்சா கீது?" அதற்கு நைனா, "இத இழுத்தா எங்க வரும்?" என்றார். "நம்ம கைல வரும்." "எந்தப் பக்கம் மொதல்ல வரும்?" "மூஞ்சிதான்." "அப்ப அதான அணியம், முன்மூக்கு? மரத்துக்கு அணியம் ஒடுங்கி இருந்தாத்தான் அது முன்னால போவும். அகலமா இருந்தா நின்ன எடத்துலயே நிக்கும். நம்மள பாத்து வர்றது எதுவா இருந்தாலும் அணியம் ஒடுங்கித்தான் இருக்கணும்." கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது மாமா. எனக்கு இன்னமும் அதில் தப்பு எங்கே என்று பிடிபடவில்லை. நீங்கள் முன்னும் பின்னும் ஒரே அகலம் என்று சொன்னது ஞாபகம் வந்து வாய்வரைக்கும் வந்தது. ஆனால் நைனாவிடம் அப்படி எதிர்த்துச் சொல்வது எப்படி என்று யோசித்துக்கொண்டு இருக்கும்போதே அவர் பின்பக்கத்தை உள்ளே விட்டுவிட்டார்.

முக்கால்வாசி அது தானாகவே போயிற்று. அம்மா கையைத் தட்டினாள். ஒரே விரலால்தான் தள்ளினாள். அப்புறம் நாலு விரற்கடை பாக்கி இருக்கும்போது நின்றுவிட்டது. அங்கேதான் என் தலையெழுத்து உள்ளே போயிற்று. புது டிராயரை முதல் தடவை வெறும் டிராயராக மூடக்கூடாது என்று அம்மா சொன்னாள். வெறும் பானையை யாராவது அடுப்பில் ஏற்றுவார்களா, அது மாதிரி. ஒரு மஞ்சள்துண்டு, கொஞ்சம் அரிசி, அதோடு வீட்டில் இருக்கும் எழுத்து ஏதாவது வைக்கணும், அப்போதுதான் பெட்டி நிறையும் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். எங்கள் வீட்டில் எழுத்து என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான், நான் பிறந்த தேதியிலிருந்து எல்லாம் போட்ட என் எட்டாவது பாஸ் சர்டிபிகேட். "டிரங்குல கரையான் வருது, இங்க பத்தரமா இருக்கும்" என்று அதை நாலாக மடித்து உள்ளே போட்டாள். நான் "அம்மா, அது" என்றேன். "இன்னாடி?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். நைனா மர உளி தட்டும் கொட்டாப்புளியை எடுத்துவந்து டிராயர் முகத்தில் ஒரே ஒரு போடு போட்டார். டடக் என்று உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. டிராயர் மூடிக்கொண்டது. அதற்கப்புறம் இன்றுவரைக்கும் திறக்கவில்லை.

அந்தச் சர்டிபிகேட்டுக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்பீர்கள். டவுன்ஷிப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நர்சரி ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் தெய்வநாயகி என்று ஒரு டீச்சர். அம்மாவிடம் மீன் வாங்குகிறவர். போன மாதம் அம்மாவோடு நான் போயிருந்தபோது அவர் வீட்டு வாசலில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நான் அதன் கையில் ஒரு கிளிஞ்சலைக் கொடுத்து ஏதோ சொன்னேன், அது அழுகையை நிறுத்திவிட்டது. டீச்சர் பார்த்துவிட்டு, "எங்க நர்சரிக்கு ஒரு ஆயா தேவைப்படுது. எட்டாவது பாஸ் பண்ணியிருந்தா போதும். இருபத்தொண்ணாம் தேதி திங்கக்கிழமை பத்து மணிக்கு சர்டிபிகேட்டோட வா" என்று போன வாரம் சொல்லி அனுப்பினார். மாமா, இந்த வேலை இல்லை என்றால் ஆடி மாதத்திலிருந்து நானும் அம்மாவோடு கூடை தூக்கணும். தூக்குவதில் எனக்குக் கஷ்டமில்லை. கூவணும். அம்மா ஒரு தடவை எனக்குப் பழக்குவதற்காகக் கோட்டர்ஸ் மூன்றாவது தெருவில் கூடையோடு தனியாக விட்டுவிட்டு வந்தாள். நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மனதுக்குள் கூவினேன். ஒருவரும் வெளியே வரவில்லை. மத்தியானம் வரைக்கும் நின்று கூடையில் இருந்த சங்கரா மீன் எல்லாம் கண் வெளுத்துப்போய்த் திரும்பிவந்தேன். பெரியவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வாய் வராது. சின்னப் பிள்ளைகளிடம் வரும். அந்த வேலை எனக்கு வேணும் மாமா. இதை நான் நைனாவிடமும் அம்மாவிடமும்கூட இவ்வளவு வாய்விட்டுச் சொன்னதில்லை.

டிராயரை உடைக்கலாமே என்றால் அதுவும் முடியாது. சர்டிபிகேட்டின் ஒரு மூலை டிராயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டி வெளியே எட்டிப்பார்க்கிறது. எச்.எம். போட்ட ஊதா முத்திரையில் பாதி தெரிகிறது. டிராயரை அசைத்தால் தாளும் சேர்ந்து கிழிகிறது. செங்கம்மாள் அத்தை, "ஒன் பெட்டி நாக்க நீட்டிகினு கீது ஆதி, தாகம் போல, கொஞ்சம் தண்ணி ஊத்து" என்கிறாள். முந்தாநாள் நைனா கைப்பிடியில் கயிறு கட்டி, வலை இழுக்கிற ஆட்கள் ஆறு பேரைக் கூட்டிவந்து நிறுத்தினார். ஒருத்தன், "இன்னா மாமா, உள்ள சுறாவா கீது?" என்று கேட்டான். ஆறு பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். கைப்பிடி மட்டும் வந்தது. ஆறு பேரும் வாசலில் போய் விழுந்தார்கள். பாதியாக இருந்த முத்திரை கால் ஆகிவிட்டது. நான் அழுதுவிட்டேன். நைனா என் பக்கம் பார்க்காமல், "அழுவாத தனம், எறங்குனது ஏறாம போவுமா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வருத்தம்தான், ஆனால் கொட்டாப்புளி போட்டது தப்பு என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்.

நேற்று எண்ணெய் விட்டால் வழுக்கும் என்று மரத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயை இடுக்கு இடுக்காக விட்டார். வழுக்கவில்லை. ஆனால் குப்பத்துப் பூனைகள் எல்லாம் இப்போது எங்கள் சமையற்கட்டில்தான் இருக்கின்றன. இதை எழுதும்போது நாலு பூனைகள் டிராயர் முன்னால் வரிசையாக உட்கார்ந்து அது எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. என்னை மாதிரியே. காலையில் நான் இடுக்கில் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். முன்பக்கம் ஒடுக்கமாக இருப்பதால் அங்கே இருக்கிற சக்கரம் தகட்டை விட்டு நழுவிக் கீழே இறங்கிக் கிடக்கிற மாதிரி தெரிந்தது. கத்தியால் தூக்கிப் பார்த்தேன், ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் இறங்குகிறது. பின்பக்கம் அகலமாக இருப்பதால் சுவரோடு இறுகிப்போய் இருக்கிறதா, இல்லை இடதும் வலதும் மாறியதால் பூட்டிக்கொண்டதா, இல்லை துருவா, இல்லை இது எல்லாமா, எனக்கு ஒண்ணும் புரியல மாமா. ஒரு பொருள் உள்ளே போன வழியாகவே வெளியே வரணும்தானே? அந்த வழி அங்கேயேதானே இருக்கு? அப்புறம் ஏன் வரமாட்டேங்குது? இது ராத்திரி பகல் என் மண்டையைக் குடையுது. டீச்சரிடம் போய் டிராயர் திறக்கலன்னு நான் எந்த வாயால சொல்வேன்? யாராவது நம்புவாங்களா? எனக்கே நம்பிக்கை வரல, தினம் பக்கத்துல உக்காந்து பாத்துகினு இருக்கேன்.

ஆகையால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வரவும். தாள் கிழியாமல் திறக்க உங்கள் ஒருவரால்தான் முடியும். நைனாவிடம் நான் எழுதினதாகச் சொல்ல வேண்டாம், சும்மா பார்க்க வந்தது மாதிரி வந்து, தற்செயலாகப் பார்த்தது மாதிரி பார்க்கவும். முன்பக்கம் ஒடுக்கமாக இருப்பதைப் பற்றிச் சிரிக்க வேண்டாம். அம்மா உங்களுக்காக வஞ்சிரம் எடுத்து வைக்கிறேன் என்கிறாள். அவளுக்கு மட்டும் நான் எழுதுவது தெரியும்.

அக்காவுக்கு என் அன்பு. பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன், ஆசீர்வாதம் செய்து உடனே புறப்படவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த கொழுந்தியா,
ச. தனகோடி.

பி.கு. வியாழக்கிழமை சாயங்காலம் எழுதுவது. மேலே எழுதினதை எல்லாம் எழுதாத மாதிரி நினைத்துக்கொள்ளவும். கவர் வாங்க அம்மாவோடு டவுன்ஷிப் போஸ்ட் ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே தெய்வநாயகி டீச்சர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "என்ன தனகோடி, சர்டிபிகேட் ரெடியா?" என்றார். நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, கிளாஸ் படத்திலிருந்து பூனை வரைக்கும் எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், போஸ்ட் ஆபீசில் முத்திரை குத்துகிறவர்கூடக் குத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சரி, டிராயர் திறக்கிறப்ப கொண்டு வரட்டும். திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கட்டும். வயசு பதினெட்டு ஆகியிருக்கணும்னு ஒரு ரூல் இருக்கு, ஆயிடுச்சில்ல?" என்றார். எனக்கு வர்ற ஆடிக்குத்தான் பதினாறு என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா, "போன ஆடிக்கே பதினெட்டு முடிஞ்சி போச்சும்மா, தோ எழுதியே கீது, அந்த சர்டிபிகேட்லயே கீது" என்று சொல்லிவிட்டாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டேன். பொய் சொன்னது அம்மா, தலை ஆட்டினது நான், இதில் பாவம் யாருக்குச் சேரும் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு ஆணி எடுத்துக் கொடுத்து, "டிராயர் மூஞ்சில மேல ஒண்ணு, அடில ஒண்ணு, நல்லா எறக்குய்யா" என்று நைனாவிடம் சொன்னாள். தன் வேலையை அம்மா கடைசியில் ஒத்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டு நைனா சந்தோஷமாக அடித்துக்கொண்டிருக்கிறார். ஆகையால் மாமா, ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் பாப்பாவையும் மட்டும் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு வரவும். டிராயரின் பக்கம் போக வேண்டாம். ஆனால் 1978ஆம் வருஷம் ஆடி மாதம் ஸ்க்ரூ டிரைவரோடு தவறாமல் வந்துவிடவும்.